நகரத்துத் தூக்கம் ஏன் நிறைவதில்லை?

கேள்வி இது: ஊருக்குப் போனால் ஒன்பதரை மணிக்கே கண் சொக்குகிறது, காலையில் தானாக விழிப்பு வருகிறது. சென்னைக்குத் திரும்பியதும் பன்னிரண்டு வரை புரண்டு புரண்டு படுக்க வேண்டியிருக்கிறது, எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் அசதி போவதில்லை. நகர வாழ்க்கை உண்மையிலேயே தூக்கத்தை மாற்றுகிறதா, இல்லை எல்லாமே போன் பார்ப்பதால் வரும் வினையா?

மாற்றுகிறது. போனுக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் பலர் நினைப்பதைவிடச் சிறிய பங்கு. பகல் பகலாகவும் இரவு இரவாகவும் இருந்தால்தான் உடம்புக்கு நேரம் தெரியும். நகரம் அந்த வித்தியாசத்தை மங்கவைக்கிறது. அதற்கு மேல், படுத்த பிறகு வெக்கையும் சத்தமும் தூக்கத்தைத் துண்டு துண்டாக்குகின்றன. "போனைக் கீழே வை, சரியாகிவிடும்" என்று சொல்லி முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக் கூரை, தெருச் சத்தம், ஷிஃப்ட் நேரம், தண்ணீர் வரும் நேரம் இவை எதுவும் தூங்குபவரின் கையில் இல்லை.

முதலில் ஒரு நம்பிக்கையைச் சரிபார்த்துவிடலாம். மின்சாரம் வருவதற்கு முன் மனிதர்கள் இருட்டியதும் படுத்து விடியும்வரை பத்து மணி நேரம் தூங்கினார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 2015இல் தூக்க ஆய்வாளர் ஜெரோம் சீகல் குழுவினர் தான்சானியாவின் ஹட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே என்ற மூன்று சமூகங்களில் மணிக்கட்டுக் கருவி கட்டி அளந்தார்கள். வேட்டையாடியும் சிறு பயிர் செய்தும் மின்விளக்கு இல்லாமல் வாழ்பவர்கள் இவர்கள். உண்மையில் தூங்கிய நேரம் 5.7 முதல் 7.1 மணி நேரம்தான். சூரியன் மறைந்து சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் கழித்தே தூங்கினார்கள். அப்படியென்றால் தூங்கும் நேர அளவில் நாம் அவர்களைவிட மோசம் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஆனால் தூக்கமின்மை என்ற தொல்லை அவர்களிடம் அரிதாக இருந்தது. 2017இல் டேவிட் சாம்சன் குழு ஹட்சாக்களை மறுபடி அளந்தபோது, அவர்களுடைய தூக்கமும் விழிப்புகள் நிறைந்ததாகவே இருந்தது. அதே சமயம் பகல்-இரவு தாளம் மட்டும் நகரவாசிகளுடையதைவிட மிக வலுவாக இருந்தது. என் பதிலுக்கு அடிப்படையே இந்தத் தாளம்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அர்ஜென்டினாவின் வடக்கே டோபா என்ற பழங்குடியினரின் இரண்டு கிராமங்கள். மக்கள் ஒன்று, பண்பாடு ஒன்று, ஆனால் ஒரு கிராமத்தில் மின்சாரம் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. ஹொராசியோ டி லா இக்லேசியா 2015இல் இரண்டையும் ஒப்பிட்டார். மின்சாரம் உள்ள கிராமத்தினர் இரவில் ஏறத்தாழ முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை குறைவாகத் தூங்கினார்கள். இரு கிராமத்தாரும் எழுந்தது கிட்டத்தட்ட ஒரே நேரம்தான், மின்விளக்கு உள்ளவர்கள் தாமதமாகப் படுத்தார்கள். பெருநகரம் வேண்டாம், நாலு பல்பே இதைச் செய்துவிடுகிறது.

ஏன் என்று புரிய உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தூக்கத்தை இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடத்துகின்றன. 1982இல் அலெக்சாண்டர் போர்பெலி சொன்ன இந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட ஏறும் தூக்க அழுத்தம். மூளையில் சேரும் அடினோசின் என்ற வேதிப்பொருள் இதில் முக்கியம். காப்பி அந்த அடினோசினின் வாசலை மறித்து நிற்பதால்தான் தூக்கம் தள்ளிப்போகிறது. இன்னொன்று, மூளையின் அடிப்பகுதியில் சுமார் 20,000 நரம்புச் செல்கள் சேர்ந்து ஓட்டும் கடிகாரம். எப்போது விழிக்க வேண்டும், எப்போது உடல் வெப்பம் இறங்க வேண்டும், இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் எப்போது சுரக்க வேண்டும் என்று சொல்வது அதுதான். அழுத்தமும் கடிகாரமும் ஒரே நேரத்தில் "படு" என்று சொன்னால் படுத்ததும் தூக்கம் வரும். ஒன்று சொல்லி இன்னொன்று சொல்லாவிட்டால், உடம்பு ஓய்ந்து கிடக்கும், மனசு விழித்திருக்கும்.

மனிதக் கடிகாரத்தின் ஒரு சுற்று சரியாக 24 மணி நேரம் இல்லை, சராசரியாக 24.2 மணி நேரம். கிட்டத்தட்ட 12 நிமிடம் கூடுதல். அப்படியே விட்டால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். அதைத் தினமும் இழுத்துச் சரிசெய்வது காலை வெளிச்சம். பார்வைக்கு உதவும் செல்கள் தவிர, எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் அளந்து நேராகக் கடிகாரத்துக்குச் சொல்லும் செல்கள் விழித்திரையில் உண்டு. டேவிட் பெர்சன் 2002இல் இதைக் காட்டினார். நீல ஒளி பட்டால் இவை அதிகம் தூண்டப்படும்.

இப்போது நகரத்து ஆளின் ஒரு நாளைப் பாருங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வெயில் ஏறிய வெளி 50,000 லக்ஸுக்கு மேல் போகும், மேகம் மூடிய நாளில்கூட சில ஆயிரங்களுக்குக் குறையாது. அலுவலகத்துக்குள் 300 முதல் 500 லக்ஸ். சந்துக்குள் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்து நிற்கும் ஜன்னல் கொண்ட வீட்டில் அதுவும் கிடைக்காது. கண் பழகிவிடுவதால் நமக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை, அறை வெளிச்சமாகத்தான் படுகிறது. கடிகாரத்துக்கு அது விடியாத விடியல். இரவிலோ எதிர்மாறு. பௌர்ணமி நிலா அதிகபட்சம் கால் லக்ஸ் கொடுக்கும். நம் வீட்டு வெள்ளை எல்இடி ட்யூப் நூறு, இருநூறு லக்ஸ் கொடுக்கிறது. 2011இல் வந்த ஒரு ஆய்வில், படுக்கும் முன் 200 லக்ஸுக்குக் குறைவான சாதாரண அறை விளக்கில் இருந்தவர்களுக்கு, மங்கிய ஒளியில் இருந்தபோது சுரந்ததைவிட மெலடோனின் சுரக்கும் நேரம் சுமார் ஒன்றரை மணி நேரம் சுருங்கியது.

ஆக நகரத்தின் பகல் மங்கல், இரவு பளிச்சென்று. இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கி வந்துவிட்டன. இதை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டியது ஜெர்மனியில் டில் ரோனெபெர்க் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு. நாடு முழுக்கக் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டினாலும், கிழக்கு எல்லையில் சூரியன் முன்பே உதித்து மேற்கே போகப்போக ஒரு தீர்க்கரேகைக்கு 4 நிமிடம் தாமதமாகும். சிறு ஊர்க்காரர்களின் தூக்க நேரம் இந்தச் சூரியனை அப்படியே பின்தொடர்ந்தது. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் அந்தப் பிணைப்பு தளர்ந்துவிட்டது, தூக்கமும் தள்ளிப்போயிருந்தது. வேலை தொடங்கும் நேரமும் டிவி நிகழ்ச்சி நேரமும் எல்லோருக்கும் ஒன்றுதான். வேறுபட்டது, எவ்வளவு வெளியே இருந்தார்கள் என்பது.

இதைத் திருப்பிச் செய்து பார்த்தவர் அமெரிக்காவில் கொலராடோவைச் சேர்ந்த ஆய்வாளர் கென்னத் ரைட். எட்டுப் பேரை ஒரு வாரம் மலையில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். விளக்கு கிடையாது, போன் கிடையாது, சூரியனும் அடுப்பு நெருப்பும் மட்டும். அவர்களுக்குக் கிடைத்த வெளிச்சம் வழக்கத்தைப் போல நான்கு மடங்கு. ஒரு வாரத்தில் மெலடோனின் சுரக்கும் நேரம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிட்டது, "நான் ராத்திரி ஆசாமி" என்று சொல்லிக்கொண்டவர்கள் உட்பட. நீங்கள் ஊருக்குப் போனதும் ஒன்பதரைக்குக் கண் சொக்குவதற்கு இதுவே காரணம். ஊர்க் காற்று, ஊர்த் தண்ணீர் என்று பெரியவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்ததும் வயல் பக்கம் நடந்ததும் கோயிலுக்குப் போய் வந்ததும்தான் அன்று முக்கியமாக வேலை செய்தவை.

சரி, போன் விஷயம். படுக்கையில் திரையில் படித்தவர்களையும் காகிதப் புத்தகம் படித்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2015இல் வந்தது. அடுத்தடுத்து ஐந்து இரவுகள், நான்கு மணி நேரம், முழு வெளிச்சத்தில் திரை. மெலடோனின் கணிசமாகத் தள்ளிப்போனது உண்மை. ஆனால் தூங்க எடுத்துக்கொண்ட நேரத்தில் வித்தியாசம் சுமார் 10 நிமிடம்தான். போனின் சிறிய திரையைவிடத் தலைக்கு மேல் எரியும் ட்யூப் லைட் பெரும்பாலான வீடுகளில் கண்ணுக்கு அதிக ஒளியைத் தருகிறது. போனின் கெடுதி அதன் நீல ஒளியைவிட, அதற்கு முடிவு இல்லாததில் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானே வருகிறது, அலுவலகக் குழுவில் பதினொன்றேகாலுக்கு ஒரு செய்தி வருகிறது, படுக்க வேண்டிய நேரம் கரைகிறது. திரையை மஞ்சளாக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு ஒரு மணிவரை பார்ப்பதில் பயன் இல்லை. ஒளி எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதும் இல்லை. ஆளுக்கு ஆள் 50 மடங்குக்கு மேல் வித்தியாசம் இருப்பதை 2019இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். சிறு குழந்தைகளின் கண் இன்னும் கூர்மையானது. இரவு பத்து மணிக்குப் பளிச்சென்று விளக்கு எரியும் கூடத்தில் விளையாடும் நான்கு வயதுக் குழந்தை தூங்க மறுப்பது அடம் அல்ல.

இதுவரை சொன்னது ஓரளவு வசதியான வீட்டுக் கதை. சென்னையின் பெரும்பகுதி அப்படி இல்லை. நம் ஊரிலேயே நடந்த ஒரு ஆய்வு இதற்கு உண்டு, நம் ஊர்க்காரர்களுக்கே அது அதிகம் தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம். 2021இல் வெளியான அந்த ஆய்வில், பொருளாதார அறிஞர்கள் சென்னையில் குறைந்த வருமானம் உள்ள 452 பேரின் தூக்கத்தை மணிக்கட்டுக் கருவியால் ஒரு மாதம் அளந்தார்கள். படுக்கையில் இருந்தது எட்டு மணி நேரம், தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம். ஓர் இரவில் 30 முறைக்கு மேல் விழிப்பு. அதில் பலவும் காலையில் நினைவில் இருக்காது. பணக்கார நாடுகளில் இந்த அளவு சிதறிய தூக்கத்தைத் தூக்க நோய் உள்ளவர்களிடம்தான் பார்ப்பார்கள். எட்டு மணி நேரம் படுத்தும் அசதி போகவில்லை என்று கேட்டீர்கள் அல்லவா, அந்தக் கணக்கு இங்கே இருக்கிறது.

ஆய்வு அத்தோடு நிற்கவில்லை. பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினருக்குத் தூக்கத்தைப் பற்றி எடுத்துச் சொல்லி, கட்டில், மெத்தை, டேபிள் ஃபேன், காதடைப்பான், கண்மறைப்பு எல்லாம் கொடுத்தார்கள், சிலருக்குக் கூடுதலாகத் தூங்கினால் பணமும் கொடுத்தார்கள். தூக்கம் இரவுக்கு 27 நிமிடம் கூடியது. ஆனால் அது எப்படிக் கூடியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. இன்னும் அதிக நேரம் படுக்கையில் இருந்ததால் கூடியதே தவிர, தூக்கம் நிம்மதியானதால் கூடவில்லை. மூன்று வாரம் இப்படித் தூங்கியும் வேலைத் திறனிலோ, கவனத்திலோ, மனநிலையிலோ எந்த மாற்றமும் தென்படவில்லை. பெரிய பலன் இருக்கும் என்று முன்கூட்டிக் கணித்த நிபுணர்களுக்கு இது எதிர்பாராதது. அதே ஆய்வில் இன்னொரு பிரிவினருக்கு மதியம் அரை மணி நேரம், வேலை இடத்திலேயே அமைதியான ஓர் இடத்தில் படுக்கையும் ஃபேனும் கொடுத்துத் தூங்கச் சொன்னார்கள். அந்த அரை மணியில் ஏறக்குறைய பாதி நேரம்தான் உண்மையில் தூங்கினார்கள். அதற்கே கவனம் கூடியது, வேலை வேகம் கூடியது, மனநிலை தெளிந்தது, பணம் சேமிப்பதும் கூடியது.

நான் இதை இப்படி வாசிக்கிறேன்: துண்டுபட்ட இரவில் இன்னும் அரை மணி சேர்ப்பதைவிட, அமைதியாகக் கண் அசர ஒரு கால் மணி கிடைப்பது மேல். இதை வைத்துக்கொண்டு இரவுத் தூக்கம் முக்கியம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. இரவின் தரத்தை மாற்ற மெத்தையும் காதடைப்பானும் போதாது, வீட்டையும் தெருவையும் மாற்ற வேண்டும் என்பதையே இது சொல்கிறது.

வீடு என்றதும் வெக்கை. தூங்கப்போகும்போது உடம்பின் உள்வெப்பம் சுமார் ஒரு டிகிரி இறங்க வேண்டும். கை கால்களின் ரத்தக் குழாய்கள் விரிந்து சூட்டை வெளியே விடும்போது இந்த இறக்கம் நடக்கிறது. உள்ளங்கால் வெதுவெதுப்பானால் தூக்கம் சீக்கிரம் வரும் என்று 1999இலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். சீகல் பார்த்த மூன்று சமூகங்களும் காற்று குளிர ஆரம்பித்த பிறகே தூங்கி, இரவின் மிகக் குளிர்ந்த நேரத்தையொட்டி எழுந்தார்கள். அதாவது இருட்டு மட்டும் அல்ல, குளிர்ச்சியும் இரவின் அடையாளம். நகரம் அதை நேரடியாகத் தடுக்கிறது. கான்கிரீட்டும் தாரும் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு இரவில் விடுகின்றன. அதனால் நகரத்துக்கும் சுற்றியுள்ள கிராமத்துக்கும் வெப்ப வித்தியாசம் இரவில்தான் அதிகம். மேல்மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராத்திரி பதினொன்றுக்கும் கூரையைத் தொட்டால் சுடும், ஃபேன் அந்தச் சூட்டைக் கீழே தள்ளும்.

சென்னையில் இதோடு ஈரக் காற்றும் சேர்கிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், புழுக்கத்தில் அது காய்வதில்லை. கனவு வரும் தூக்கக் கட்டத்தில் வியர்த்தும் நடுங்கியும் வெப்பத்தைச் சமன் செய்யும் ஏற்பாடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆகவே வெக்கை கூடிய இரவில் அந்தக் கட்டமும் ஆழ்ந்த தூக்கமும் குறைந்து விழிப்பு கூடுகிறது. 68 நாடுகளில் 47,000 பேரின் கைப்பட்டைத் தரவுகளைச் சேர்த்து 2022இல் வந்த ஆய்வு, வெளியே 30 டிகிரிக்கு மேல் இருக்கும் இரவில் சராசரியாக 14 நிமிடம் போய்விடுகிறது என்று கணக்கிட்டது. சின்ன எண்ணாகத் தெரியலாம். தூக்கம் அளக்கும் கைப்பட்டை வாங்க முடிந்தவர்கள் வீட்டில் ஏசி இருக்க வாய்ப்பு அதிகம் என்பதையும், முதியவர்களுக்கும் ஏழை நாடுகளில் இருப்பவர்களுக்கும் இழப்பு இதைவிடக் கூடுதல் என்று அதே ஆய்வு சொல்வதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏசி தன் அறையின் சூட்டைத் தெருவில்தான் கொட்டுகிறது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தைக் கணினி மாதிரியில் ஆராய்ந்தபோது, ஏசிகள் வெளிவிடும் சூடு மட்டுமே இரவு வெப்பத்தைச் சில இடங்களில் ஒரு டிகிரிக்கு மேல் உயர்த்துவது தெரிந்தது. ஏசி இல்லாத வீட்டு ஜன்னலுக்கு எதிரே ஐந்து ஏசிப் பெட்டிகள் ஓடும் சந்தில் யார் தூக்கம் யாருக்குப் போகிறது என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. முன்பு இதற்கு மொட்டை மாடி இருந்தது. பாயை எடுத்துக்கொண்டு மேலே போனால் கடல் காற்று வரும். இப்போது பல அடுக்குமாடிகளில் மாடிக்கதவு பூட்டியிருக்கிறது, திறந்திருக்கும் இடத்தில் கொசு. தனியாக இருக்கும் பெண்களுக்கு அது வழியே இல்லை.

சத்தத்துக்கு வருவோம். கண்ணை மூடினால் பார்வை நிற்கும், காது நிற்பதில்லை. தூக்கத்தில் சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் விழிப்பது அதனால்தான். அறைக்குள் 30களின் தொடக்க டெசிபலிலேயே, அதாவது மெல்லிய கிசுகிசுப்பைச் சற்றே தாண்டிய சத்தத்துக்கே, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரு கணம் ஏறுவதை அளந்திருக்கிறார்கள். பழகிவிட்டது, லாரி போவதே தெரிவதில்லை என்று சாலையோரம் குடியிருப்பவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. முழுசாக விழித்துக்கொள்வது பழக்கத்தில் குறைகிறது, ஆனால் இதயத்தின் அந்தத் துள்ளல் வருடக்கணக்கானாலும் பெரிதாகக் குறைவதில்லை. சாலைச் சத்தத்தையும் ரத்தக் கொதிப்பு, இதய நோய் ஆகியவற்றையும் இணைத்துப் பேசும்போது மருத்துவர்கள் சுட்டுவது இதைத்தான். ஒரே சீராக ஓடும் ஃபேன் சத்தம் தொல்லை தராது, மற்றச் சத்தங்களை அது கொஞ்சம் மூடிக்கூட வைக்கும். திடீரென்று எழும் ஹாரன், நாய்க் குரைப்பு, ஷட்டர் இழுக்கும் சத்தம்தான் கெடுதி.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல், பகலில் 55. திறந்த வெளியில் ஒலிபெருக்கி அந்த நேரத்தில் கூடாது; திருவிழாக்களுக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம். பிரதான சாலையோரம் குடியிருக்கும் யாரும் அந்த 45ஐக் காதால் கேட்டிருக்க வாய்ப்பில்லை. கிராமம் என்றால் அமைதி என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாவில் நாலு மணிக்கே குழாய் ஒலிபெருக்கி தொடங்கும் ஊர்கள் நிறைய. ஆனால் அது சில நாட்கள். நகரத்தில் தினமும்.

நேரம் போகும் வழியையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பல ஆண்டு நேரச் செலவுக் கணக்கெடுப்புகளைப் பார்த்தவர்கள், தூக்கத்திலிருந்து நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்வது வேலையும் அதற்கான பயணமும் என்று கண்டார்கள். வேலை ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கினால் தூக்கம் சுமார் 20 நிமிடம் கூடியது. தாம்பரத்துக்கு அப்பால் வீடு, அம்பத்தூரில் வேலை என்றால் இந்தக் கணக்கு சொல்லாமலே புரியும். பெண்களுக்கு இன்னும் இறுக்கம். கடைசியாகப் படுத்து முதலில் எழுவது பெரும்பாலும் அவர்கள்தான். கோடையில் குடம் வைத்துப் பிடிக்க வேண்டிய தெருக்களில், தண்ணீர் விடியற்காலை நாலரைக்கு வந்தால் அவர்களுடைய இரவு நாலரைக்கே முடிந்துவிடும்.

வாரம் முழுக்க இப்படிக் குறைத்துத் தூங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எழுவதை ரோனெபெர்க் சமூக ஜெட்லாக் என்று அழைத்தார். ஜெட்லாக் என்பது விமானத்தில் தூர தேசம் போனவர்களின் உடம்புக்கு வரும் நேரக் குழப்பம். ஞாயிறன்று உடம்பு இரண்டு மணி நேரம் மேற்கே போய்விட்டு, திங்கட்கிழமை காலை திரும்பி வருகிறது. பிரிட்டனில் சுமார் 60,000 பேரின் கைப்பட்டைத் தரவை வைத்து 2023இல் வந்த ஆய்வில், எவ்வளவு நேரம் தூங்கினார்கள் என்பதைவிட எவ்வளவு ஒழுங்கான நேரத்தில் தூங்கினார்கள் என்பதே அவர்களின் ஆயுளோடு நெருக்கமாகப் பொருந்தியது. ஒழுங்கின்மையே காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, நோயுள்ளவர்களின் தூக்கமும் ஒழுங்கற்றுப் போகும். இருந்தாலும் எட்டு மணி என்ற எண்ணையே பிடித்துக்கொண்டு கவலைப்படுபவர்களுக்கு இதை நான் சொல்லுவேன்.

நைட் ஷிஃப்ட் தனிக் கதை, மிகக் கடுமையான கதை. அமெரிக்க அலுவலக நேரத்துக்குச் சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில் உட்கார்ந்திருப்பவர்கள், செவிலியர்கள், காவலாளிகள், ஓட்டுநர்கள். பகலில் தூங்கும்போது அடினோசின் "படு" என்கிறது, கடிகாரம் "எழு" என்கிறது. உடல் வெப்பம் ஏறுமுகத்தில் இருக்கும். வெளியே மிக்சி, காய்கறி வண்டி, குழந்தைகள். இரவில் கிடைப்பதைவிடச் சில மணி நேரம் குறைவாகவே தூக்கம் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இரவு ஷிஃப்ட் வேலையை 2007இலும் மறுபடி 2019இலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் "அநேகமாக" என்ற பிரிவில் வைத்தது. இதைச் செய்பவர்களுக்கு ஷிஃப்ட் அலவன்ஸ் மட்டும் போதாது. வாரத்துக்கு ஒரு முறை நேரத்தை மாற்றி மாற்றிப் போடாமல் இருப்பதும், இடையில் இருபது நிமிடம் படுக்க ஓர் அறை இருப்பதும் நிர்வாகங்கள் செய்யக்கூடியவை. சென்னை ஆய்வின் மதியத் தூக்கம் அதற்கு வலுவான ஆதாரம்.

இனி உங்களால் செய்ய முடிந்தவை. எல்லாம் ஒரே அளவு பலன் தருபவை அல்ல. என் கணக்கில் முதலிடம் காலை வெளிச்சத்துக்கு. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி வெளியே இருங்கள். காப்பியை மாடியிலோ வாசலிலோ குடிக்கலாம், ஒரு நிறுத்தம் முன்பாக இறங்கி நடக்கலாம். ஜன்னலுக்குள் உட்கார்ந்து வெளியே பார்ப்பது இதற்குச் சமம் ஆகாது. இரவு ஒன்பதுக்கு மேல் வெள்ளை ட்யூபை அணைத்துவிட்டு ஒரு சின்ன மஞ்சள் பல்பு போடுங்கள், செலவு நூறு ரூபாய்தான். எழும் நேரத்தை ஞாயிறு உட்பட ஒன்றாக வையுங்கள். படுக்கும் நேரம் கொஞ்சம் முன்பின் ஆனால் பரவாயில்லை. படுக்கும் முன் வெதுவெதுப்பான நீரில் குளிப்பது தோலுக்கு ரத்தத்தை இழுத்து உள்வெப்பத்தை இறக்கும். கோடையில் ஃபோம் மெத்தையின் மேல் கோரைப்பாய் விரித்துப் படுப்பது நல்ல பழக்கம், முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே காற்று புகும். மேல்மாடியாக இருந்தால் மாடித் தளத்துக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். மாலை நாலுக்கு மேல் காப்பி, டீ வேண்டாம். குடித்ததில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். மதியம் இருபது நிமிடம் படுக்க முடிந்தால் குற்ற உணர்ச்சி இல்லாமல் படுங்கள், மூன்று மணிக்கு மேல் வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் வராமல் மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால் அது தூக்கமின்மை நோய், தனியாகப் போராட வேண்டாம். மாத்திரைக்கு முன்னால் கொடுக்க வேண்டிய சிகிச்சை, படுக்கையில் விழித்துக் கிடக்கும் நேரத்தைக் குறைத்துப் பழக்கத்தைத் திருத்தும் உளவியல் முறை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல் அதையே முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. மனநல மருத்துவரிடமோ பயிற்சி பெற்ற உளவியலாளரிடமோ அதைக் கேட்டு வாங்குங்கள். மருந்துக்கடையில் தானாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். குறட்டை பலமாக இருந்து, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவதாக வீட்டார் சொன்னால், அல்லது பகலில் வண்டி ஓட்டும்போதே கண் செருகினால், அது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாக இருக்கலாம். ஒல்லியானவர்களுக்கும் வரும். அதற்கு நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, ஓர் இரவுத் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதுவரை இரவில் பைக்கோ காரோ ஓட்டாதீர்கள்.